கடலோரச் சிறு விடுதியில் நிறைவாகத் தங்குவது எப்படி?

வெப்பமண்டலக் கடற்கரைக்கு அருகே குறைந்த வாடகையில் அறை தேடுபவர்கள் பெரும்பாலும் கடல் தெரியும் ஜன்னலையும், படத்தில் பளிச்சென்று தெரியும் படுக்கை விரிப்பையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஆனால் அந்த அறையில் இரவு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதை உப்பும் ஈரமுமே தீர்மானிக்கின்றன. கடலோரக் கட்டடங்களில் ஆண்டு முழுவதும் கதவுக் கீல்கள் துருப்பிடிக்கும், ஏ.சி.யின் வெளிப்பெட்டி அரித்துப்போகும், சுவர் மூலைகளில் பூசணம் படரும். பெரிய விடுதிகள் இதைப் பணத்தைக் கொட்டிச் சமாளிக்கின்றன. சிறிய விடுதியிலோ நடத்துபவரின் அன்றாட அக்கறையை நம்பியே எல்லாம் இருக்கிறது. ஆகவே, மலிவான விடுதிகளுக்குள் நல்லதைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர், உப்புக்கும் ஈரத்துக்கும் எதிராக அங்கே யாராவது நாள்தோறும் வேலை செய்கிறார்களா என்பதைக் கண்டறியப் பழகிக்கொள்ள வேண்டும்.

காலமும் இடமும்

வெப்பமண்டலப் பகுதிகளில் மழைக்காலம், வறண்ட காலம் என்ற பிரிவே முக்கியமானது. ஒரே நாட்டின் இரண்டு கரைகளில் இந்தக் காலங்கள் நேர்மாறாகவும் அமையும். இலங்கையின் தென்மேற்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரைக்கு நல்ல காலம். தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும். தாய்லாந்து வளைகுடாப் பக்கத்துத் தீவான கோ சமுயியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மழை உச்சத்தை எட்டும். வாடகை வழக்கத்தைவிட மிகவும் குறைந்திருந்தால், அந்தக் குறிப்பிட்ட கரையின் மழை மாதங்களை முதலில் பார்த்துவிடுங்கள். பருவம் மாறும் தறுவாயில் உள்ள வாரங்கள் பெரும்பாலும் பயணிக்குச் சாதகமானவை என்பது என் கருத்து. வாடகை இறங்கியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், மழை பெய்தாலும் பெரும்பாலும் நாள் முழுவதும் நீடிக்காது.

கடலை ஒட்டிய முதல் வரிசைக் கட்டடத்தைவிட, ஐந்து முதல் பத்து நிமிட நடைத் தொலைவில், இரண்டாவது அல்லது மூன்றாவது தெருவில் உள்ள விடுதியையே நான் பரிந்துரைப்பேன். வாடகை குறைவதோடு, உப்புக்காற்றின் தாக்கமும் இரவு நேர இசைக் கூச்சலும் அங்கே கணிசமாகக் குறையும். ஆனால் விளம்பரத்தில் குறிப்பிடப்படும் தொலைவு சில சமயம் நேர்கோட்டில் அளந்ததாக இருக்கும். இடையில் கால்வாயோ, நெடுஞ்சாலையோ, நீண்ட மதில்சுவரோ குறுக்கிட்டால் 300 மீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர் நடையாக மாறிவிடும். வரைபடத்தில் நடைவழியைப் போட்டுப் பார்த்து, அந்த வழியில் இரவில் விளக்கு வெளிச்சம் இருக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாடி, எந்தத் திசை என்பதிலும் கவனம் வேண்டும். மேல்தளத்து அறையின் கூரை பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, இரவு வெகுநேரம்வரை அந்த வெப்பத்தை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். மேற்குப் பார்த்த சுவரும் மாலையில் அப்படித்தான். தரைத்தளத்திலோ ஈரமும் பூச்சியும் மணலும் தொல்லை தரும். எனவே நடுமாடியில், இரண்டு பக்கம் ஜன்னல் உள்ள அறை கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால், முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுக்கும் கடற்காற்று கரையை நோக்கி வீசுகிறது. இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்றின் திசை மாறுகிறது, வேகமும் தணிகிறது. இரண்டு பக்கமும் திறப்பு இருந்தால், பகல் பொழுதின் பெரும்பகுதியை மின்விசிறியை மட்டும் வைத்தே கழித்துவிடலாம்.

முன்பதிவுக்கு முன்

மொத்த மதிப்பெண்ணை நம்பாமல், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் எழுதப்பட்ட கருத்துகளையும், நீங்கள் செல்லவிருக்கும் அதே மாதத்தில் சென்ற ஆண்டு தங்கியவர்கள் எழுதியதையும் படியுங்கள். கடலோரத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதிதாக இருந்த அறை இன்று அப்படி இருக்க வேண்டியதில்லை. ஈரவாடை, தண்ணீர் வேகம், ஜெனரேட்டர், இரைச்சல் போன்ற சொற்களைத் தேடிப் பார்த்தால் அறையின் உண்மை நிலை தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் குறை சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரே குறையை மூன்று பேர் வெவ்வேறு மாதங்களில் சொல்லியிருந்தால் அது அந்த இடத்தின் நிரந்தரக் குறை.

பிறகு விடுதிக்கே தொலைபேசியில் பேசுங்கள். வாடகை அறைக்கா, ஆளுக்கா, வரி அதில் சேர்ந்துள்ளதா, பயணம் ரத்தானால் முன்பணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எல்லோரும் கேட்பார்கள். அவற்றோடு, ஏ.சி. நாள் முழுவதும் ஓடுமா அல்லது இரவில் மட்டுமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி.யும் ஓடுமா அல்லது விளக்கும் விசிறியும் மட்டுமா, ஜன்னல் வெளிப்பக்கம் திறக்குமா அல்லது நடைபாதையைப் பார்த்திருக்குமா, ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பதிலில் உள்ள செய்தியோடு பதில் சொல்லும் விதத்தையும் கவனிக்க வேண்டும். “அந்த அறையில் பிற்பகலில் கொஞ்சம் வெக்கையாக இருக்கும், பக்கத்து அறையைத் தருகிறோம்” என்று தாமாகவே சொல்லும் ஒருவர், எல்லாவற்றுக்கும் “பிரச்சினையே இல்லை” என்பவரைவிட எவ்வளவோ நம்பகமானவர். பேசி முடிவானவற்றை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பி ஒப்புதல் பெற்றுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

அறைக்குள் நுழைந்ததும்

பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன், முதல் பதினைந்து நிமிடங்களை அறையைச் சோதிப்பதற்கு ஒதுக்குங்கள். மாற்று அறை கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வராது. ஏ.சி.யையும் கீசரையும் போட்டுவிட்டு, பெட்டிகளைக் குளியலறையின் தரை ஓட்டின் மேல் வைத்துவிட்டுப் படுக்கைக்குச் செல்லுங்கள். தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உருவி, மெத்தையின் தையல் ஓரத்தைக் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். பேனா மை பட்டதுபோன்ற கரும்புள்ளிகளோ, உரிந்த தோலோ, சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டையான செம்பழுப்புப் பூச்சியோ தெரிந்தால் அது மூட்டைப்பூச்சி. உடனே அறையை மாற்றச் சொல்லுங்கள். அடுத்த அறை சுவரை ஒட்டிய பக்கத்து அறையாகவோ, நேர் மேலோ கீழோ உள்ள அறையாகவோ இருக்க வேண்டாம்; மூட்டைப்பூச்சி சுவர் இடுக்குகள் வழியே நகரக்கூடியது.

அடுத்து மூக்கை நம்புங்கள். அலமாரியைத் திறந்ததும் வரும் புழுங்கல் வாடை பூசணத்தின் அடையாளம். நறுமணம் தெளித்து அதைப் போக்க முடியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறையில் தங்கவே கூடாது. குளியலறையிலிருந்து வரும் சாக்கடை வாடை வேறு வகை. சில நாட்கள் ஆளில்லாமல் கிடந்த அறையில், தரை வடிகாலின் வளைவில் தேங்கியிருக்க வேண்டிய நீர் வற்றிவிடுவதால் கீழ்க்குழாயின் காற்று மேலே ஏறிவிடுகிறது. ஒரு வாளித் தண்ணீரை அதில் மெதுவாக ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல அறைகளில் வாடை அத்தோடு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் குழாயிலேயே கோளாறு.

சோப்பு நுரைக்கவில்லை என்றால் அந்த விடுதியின் கிணற்றிலோ ஆழ்துளையிலோ உவர்நீர் ஏறியிருக்கலாம். கரையோரத்தில் நிலத்தடி நன்னீரை மிகுதியாக உறிஞ்சும்போது கடல்நீர் உள்ளே புகுவது இயல்பாக நடப்பதுதான். குளிப்பதற்கு அது போதும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது என்பதால் குடிப்பதற்குத் தனியாக நல்ல நீரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களில் எந்தச் சமரசமும் வேண்டாம். குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருந்து, காற்றோட்டத்துக்கு வழி இல்லை என்றால் அந்த அறை வேண்டாம். அது வெளிவிடக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வரும்வரை தெரியாமலே போகலாம். அதேபோல், கருகிய தடமுள்ள அல்லது ஆடுகிற மின்சாக்கெட்டில் எதையும் செருகாதீர்கள். உப்பு ஈரம் உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனைகளை அரித்திருக்கும். இவற்றோடு, தீ விபத்தில் இறங்க வேண்டிய படிக்கட்டு எங்கே இருக்கிறது, அதன் கதவு பூட்டிக் கிடக்கிறதா என்பதையும் ஒருமுறை நடந்தே பார்த்துவிடுங்கள்.

தங்கியிருக்கும் நாட்களில்

ஏ.சி.யை மிகக் குளிராக வைப்பதால் அறை வசதியாகிவிடாது. 25 அல்லது 26 டிகிரியில், ஈரம் உறிஞ்சும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி, விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கு இதமாக இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து ஏ.சி.யை ஓட்டினால் வெளியிலிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலும் தரையிலும் நீராகப் படிந்து பூசணத்துக்கு வழி செய்யும். ஈரத்துணிகளைக் குளியலறையில் தொங்கவிடாமல் மொட்டை மாடிக் கொடியில் காயப்போடுங்கள். பொழுது சாயும்போது காற்றின் ஈரப்பதம் ஏறி, காய்ந்த துணியும் மறுபடி நமத்துப்போகும் என்பதால் ஐந்து மணிக்குள் எடுத்துவிடுவது நல்லது. கேமராவைக் குளிர்ந்த அறையிலிருந்து அப்படியே வெளியே கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் படியும். அதை இறுக மூடிய பையில் வைத்து எடுத்துச் சென்று, வெளிச் சூட்டுக்குப் பழகிய பிறகு திறக்க வேண்டும்.

கடலிலிருந்து திரும்பும்போது வாசலில் உள்ள குழாயில் காலைக் கழுவி, துண்டை வெளியிலேயே உதறுங்கள். குளியலறை வடிகாலை அடைப்பது பெரும்பாலும் மணல்தான். சிறு விடுதியில் அதைக் கையால் அள்ளுபவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களுடைய வேலையை நாம் எளிதாக்கினால் நம் அறைக்கும் கவனிப்பு கூடும். குறைகள் இருந்தால் முதல் நாளே, அமைதியாக, நேரில் சொல்லுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரே உரிமையாளராக இருக்கும் இடத்தில் அரைமணி நேரத்தில் தீர வேண்டிய கோளாறை, ஊருக்குத் திரும்பிய பின் எழுதிக் குறை கூறுவதில் யாருக்கும் பயனில்லை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும்; குறிப்பாகக் காலையிலும், பொழுது சாய்வதற்கு முந்தைய நேரத்திலும். எனவே இரவில் கொசுவலை கட்டுவது மட்டும் போதாது. அறையிலும் பால்கனியிலும் வாளி, பூந்தொட்டித் தட்டு போன்றவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். சன்ஸ்கிரீனும் கொசுவிரட்டிக் களிம்பும் பூசுவதானால் சன்ஸ்கிரீனை முதலில் பூசி, அது உலர்ந்த பின் மற்றதைப் பூச வேண்டும்.

கடலில் இறங்குவதற்கு முன்

சிறு விடுதியில் தங்குவதில் உள்ள பெரிய நன்மை, அந்தக் கடலோடு வளர்ந்தவர்கள் அங்கே வேலை செய்வதுதான். எந்த இடத்தில் இழுப்பு இருக்கிறது, எங்கே பாறை மறைந்திருக்கிறது என்று அவர்களிடம் கேட்காமல் இறங்காதீர்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி உயிர்காப்பாளர் கண்காணிப்பில் இருப்பது. தனிச் சிவப்புக் கொடி ஆபத்தைக் குறிக்கும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் ஒடுங்கிய பட்டை பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமாக இருக்கும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், மிதந்தபடியோ கரைக்கு இணையாக நீந்தியோ பட்டையைவிட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். பல கரைகளில் ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். நாள்தோறும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று நடந்து சென்ற மணல்திட்டு இன்று அதே நேரத்தில் நீருக்குள் இருக்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று பல கரைகளில் சுனாமி அலை வருவதற்கு முன் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்காகக் காத்திராமல் மேட்டு நிலத்துக்கு ஓட வேண்டும். அந்த வழியை வந்த அன்றே விடுதிக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆமைகள் முட்டையிடும் கரையாக இருந்தால், கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று எண்ணி நிலத்தின் பக்கம் ஊர்ந்துவிடும்.

கிளம்பும் நாளில் பயணம் மாலையிலோ இரவிலோ என்றால், அறையைக் காலி செய்த பின் பெட்டிகளை வைத்துக்கொள்ளவும், ஒருமுறை குளித்துக்கொள்ளவும் இடம் தருவார்களா என்று முந்தின நாளே கேளுங்கள். கணக்கையும் முந்தின இரவே முடித்துவிட்டால், காலை அவசரத்தில் விடுபட்ட தொகைக்காக வாதாட வேண்டியிருக்காது. ஈர உடைகளைத் தனிப் பையில் கட்டி, மூட்டைப்பூச்சி ஏறியிருக்கிறதா என்று பெட்டியின் தையல் ஓரங்களையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். வீடு சேர்ந்ததும் பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுசெல்லாமல், துணி தாங்குமானால் உள்ளே இருக்கும் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்துவிடுங்கள்.