அக்காவும் தம்பியும் சந்தைக்கு வரும்போது நாம் செய்யக் கூடாதவை

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. வாரம் ஒரு நாள் காலையில் என் ஏழு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அங்கே கூட்டிப் போகிறேன். அன்றைய விலை எழுதிய பலகை முன்னால் மகள் நின்று ‘தக்...கா...ளி’ என்று எழுத்துக்கூட்டுவாள். தம்பி ‘காளி’ என்று மட்டும் சொல்லிச் சிரிப்பான். அவன் சிரிக்கிறானே என்று அவள் மறுபடியும் படிப்பாள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பல மாதங்கள் அந்த ஒரு நிமிடத்தைக்கூடக் கொடுக்காமல், “வாங்க, நேரமாச்சு” என்று இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஒரு வாரத்துக்கான காய் முழுவதையும் குழந்தைகளோடு வாங்க நினைப்பதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம். அவர்கள் வரும் நாளில் நாலைந்து காய் போதும். பெரிய கொள்முதலுக்குத் தனியாகப் போய்க்கொள்ளலாம். இரண்டு இட்லியாவது சாப்பிட்ட பிறகு கிளம்புங்கள். பசியோடு இருக்கும் குழந்தைகளிடம் பாசத்தை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது, நான் செய்ததிலேயே பெரிய தவறு. “நீ பெரியவ, தம்பியைப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் அவனைக் காணோம். மூன்று கடை தள்ளி, தேங்காய்க் குவியல் பக்கத்தில், ஒரு பாட்டி அவனைத் தன் அருகில் உட்கார வைத்திருந்தார். பயத்தில் நான் மகளைத்தான் திட்டினேன். அதன் பிறகு இரண்டு வாரம் அவள் தம்பியின் கையைப் பிடிக்கவே இல்லை. அவன் நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்று என் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தராசும் பூசணிக்காயும் வேடிக்கைதான். வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கவும் அந்த வயதில் வராது. அவளைக் காவலுக்கு வைத்தால் தம்பி அவளுக்குச் சுமையாகிவிடுகிறான். “பாத்துக்க வேண்டியது அம்மாதான். உன் மேல தப்பு இல்லை பாப்பா” என்று அவளிடம் சொன்னேன். இப்போது காய்ப்பை என் தோளில் தொங்குகிறது, ஒரு கையில் அவள், மறு கையில் அவன். காய் பொறுக்கும்போது இரண்டு பேரும் எனக்கு முன்னால், கண் பார்வையில்தான் நிற்பார்கள். கொஞ்ச நாளில் அவளாகவே மறுபடி அவன் கையைப் பிடித்தாள்.

பைக்கில் ஒரு பிள்ளையை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்து ஓட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே என்பது சட்டம். நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம். 2023 பிப்ரவரியிலிருந்து, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கட்டணம் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் அவர்களுக்குள் நடக்கும் பேச்சு பைக்கில் கிடைக்கவே கிடைக்காது.

கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலைக்கு எங்கள் வீட்டில் ஒவ்வொரு வாரமும் சண்டை. நான் உடனே புகுந்து ஆளுக்குப் பாதி பிய்த்துக் கொடுப்பேன், இல்லையென்றால் “சின்னவன்தானே, விட்டுக்கொடு” என்பேன். இரண்டுமே தவறு. ஒருநாள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்ததால் என்னால் தலையிட முடியவில்லை. திரும்புவதற்குள் கொத்து அவனுடைய குட்டி மஞ்சப்பைக்குள் போயிருந்தது. “நீ தூக்குடா, நான் மோந்து பாக்கறேன்” என்று அவள் பையை ஒட்டியே நடந்தாள். அடிதடி இல்லாதவரை ஒரு நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். நாம் சொல்லி விட்டுக்கொடுத்தால் அவளுக்கு அது தோற்றதாகத்தான் தோன்றும்.

போன் விஷயத்திலும் கவனம் வேண்டும். அக்கா தம்பிக்கு ஊட்டுகிறாள் என்று எடுத்து, “இன்னொரு தடவை குடு, இங்க பாரு” என்று சொன்ன அந்த நொடியே அவர்கள் நமக்காக நடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். படம் வேண்டாம் என்றில்லை, கிடைத்த ஒன்று போதும். அதைவிட, என்ன ஊட்டுகிறாள் என்று பாருங்கள். நான்கு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு முழு திராட்சையும் வேர்க்கடலையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அக்காவின் அன்புக்கு அது தெரியாது. ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தால், பிட்டுக் கொடுக்கும் சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் டிவியைப் போட்டு உட்கார வைத்துவிட்டு நாமே எல்லாவற்றையும் எடுத்து வைப்பது இன்னொரு தவறு. பையைத் தரையில் கொட்டி, வெங்காயத்துக்கு ஒரு கூடை, உருளைக்கிழங்குக்கு ஒரு கூடை என்று அவர்களிடம் விடுங்கள். வெங்காயக் கூடைக்குள் இரண்டு உருளைக்கிழங்கு போயிருக்கும். நீங்கள் எடுக்க வேண்டாம். அக்கா அதைக் கண்டுபிடித்து, “இது உன்னோடதுடா” என்று அவன் கையிலேயே கொடுப்பாள்.