கணைய அறுவைக்குப் பிறகு என்சைம் கேப்சூல்: எத்தனை, எப்போது, எதோடு

கணையத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்தவர்களுக்குத் தரும் மருந்துச் சீட்டில், கணையம் சுரக்கும் செரிமானப் பொருளான என்சைமை ஈடுசெய்யும் கேப்சூலின் பெயரும், பக்கத்தில் "சாப்பாட்டோடு" என்றும் இருக்கும். இதைப் பலர் "சாப்பிட்ட பின்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். மருந்து சரியாக இருந்தும் எடை குறைந்துகொண்டே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் இந்தப் பதிவில் நேரத்தைச் சொல்லும் படி 3-க்குத்தான் அதிக இடம்.

படி 1: என்சைம் குறைவின் குறிகளைக் கவனியுங்கள்

மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதப்பது, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாதது, கடும் நாற்றம், சாப்பிட்டதும் வயிறு உப்பி இரைவது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது. மலத்தில் எலாஸ்டேஸ் (கணையம் சுரக்கும் ஒரு என்சைம்) அளவு பார்க்கும் சோதனை இருக்கிறது. ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள். விப்பிள் அறுவைக்கு (கணையத்தின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் எடுப்பது) பிறகு இதை மட்டும் நம்ப வேண்டாம். கணையம் ஓரளவு சுரந்தாலும் அது உணவோடு சரியான நேரத்தில் சேராமல் போகலாம். முழுக் கணையமும் எடுத்தவர்களுக்குச் சோதனையே தேவையில்லை, என்சைம் வாழ்நாள் முழுவதும் வேண்டும்.

படி 2: கேப்சூலை அல்ல, யூனிட்டை எண்ணுங்கள்

"இரண்டு மாத்திரை" என்பது அளவு ஆகாது. அட்டையில் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 10,000, 25,000 என்று பல அளவுகளில் வரும். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்கம் முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 வரை, சிறு தீனிக்கு 20,000 முதல் 25,000 வரை. கொழுப்பு கூடினால் யூனிட்டும் கூட வேண்டும்.

குறிகள் தீராவிட்டால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். அதற்குப் பயப்பட வேண்டாம். எச்சரிக்கைக் கோடாகச் சொல்லப்படுவது ஒரு நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10,000 யூனிட். 60 கிலோ இருப்பவருக்கு அது 6,00,000. மூன்று சாப்பாட்டுக்குத் தலா 75,000, மூன்று தீனிக்குத் தலா 25,000 என்று எடுத்தாலும் மொத்தம் 3,00,000தான்.

செரிமான டானிக்குகளை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். அறுவைக்குப் பின் தேவைப்படும் லைபேஸ் அவற்றில் கிடைக்காது.

படி 3: நேரம்

கேப்சூலுக்குள் இருப்பவை பூச்சு பூசிய குறுமணிகள். இரைப்பையின் அமிலத்தில் பூச்சு கரையாது. அமிலம் குறைந்து பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; அமிலம் குறைய எண் கூடும்) 5.5-ஐத் தாண்டும் குடலில்தான் கரையும். ஆகவே மணிகள் இரைப்பையிலேயே உணவோடு கலந்து, அதோடு சேர்ந்தே குடலுக்கு இறங்க வேண்டும். முன்னதாகப் போட்டால் மணிகள் தனியாக முந்திப் போய்விடும். சாப்பிட்டு முடித்துப் போட்டால் உணவு முந்திவிடும்.

ஆகவே இப்படிப் பிரியுங்கள். மூன்று கேப்சூல் என்றால் முதல் வாய் உணவோடு ஒன்று, பாதியில் ஒன்று, முடியப்போகும் முன் ஒன்று. இரண்டு என்றால் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. ஒன்றே ஒன்று என்றால் தொடக்கத்தில். மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மறந்துவிட்டால், சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்வரை போடலாம். முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக்க வேண்டாம்.

குளிர்ந்த அல்லது சாதாரணத் தண்ணீரில் விழுங்குங்கள். சூடான பானம் என்சைமைக் கெடுக்கும். மெல்லவோ பொடிக்கவோ கூடாது. விழுங்க முடியாதவர்கள் கேப்சூலைத் திறந்து, ஒரு ஸ்பூன் புளிப்பான பழக்கூழில் கலந்து உடனே விழுங்கி, வாயைக் கொப்பளிக்க வேண்டும். மணிகள் வாயில் தங்கினால் புண் வரும். பாலில் கலக்காதீர்கள், அதில் அமிலம் குறைவு என்பதால் பூச்சு அங்கேயே கரையத் தொடங்கிவிடும்.

படி 4: தட்டில் என்ன

கொழுப்பை ஒதுக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கொழுப்பை விட்டால் மலம் சரியாகும், ஆள் இளைத்துப்போவார். உணவைக் குறைக்காமல் என்சைமை உணவுக்கு ஏற்றபடி கூட்டுவதுதான் சரி. ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட முடியாது. நாளுக்கு 5 அல்லது 6 சிறு வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புரதம் இருக்கும்படி பாருங்கள். நார்ச்சத்து மிக அதிகமானால் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், என்சைமின் வேலையும் குறையும்.

தண்ணீர், பால் சேர்க்காத தேநீர், பழச்சாறு, கொஞ்சம் பழம்: இவற்றுக்கு என்சைம் வேண்டாம். ஒரு டம்ளர் பால், சீஸ், கொட்டைகள், பிஸ்கட், சத்துப் பானம்: வேண்டும்.

சாப்பிட்டது, யூனிட், மலம், எடை நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். செயலிகளைவிட நோட்டே நல்லது. மருத்துவரோ டயட்டீஷியனோ ஒரே பார்வையில் படித்துவிடலாம்.

படி 5: பலன் இல்லை என்றால்

முதலில் காலாவதித் தேதி. அடுத்து, 25 டிகிரிக்கு மேல் சூட்டில், காரிலோ அடுப்பருகிலோ கிடந்ததா? பிறகு நேரம், பிறகு அளவு. எல்லாம் சரியென்றால் குடலில் அமிலம் மிகுந்திருக்கலாம். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்து சேர்த்தால் உதவுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறுகுடலில் பாக்டீரியா பெருக்கமோ பித்த அமில வயிற்றுப்போக்கோ இருக்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை வேறு.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க: உணவு உடலில் சேரத் தொடங்கியதும் சர்க்கரை ஏறலாம். அதற்காக என்சைமைக் குறைக்காதீர்கள், இன்சுலினைத்தான் மருத்துவர் மாற்ற வேண்டும். சர்க்கரையை ஏற்றும் கணைய ஹார்மோனான குளுக்ககானும் குறைந்திருப்பதால் தாழ்சர்க்கரை சட்டென்று வரும்.

வைட்டமின் ஏ, டி, ஈ, பி12, இரும்பு, துத்தநாகம், மக்னீசியம் அளவுகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள். வைட்டமின் கே குறைவு இரத்தம் உறையும் நேரத்தில் தெரியும். எலும்பு அடர்த்திச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

பின்னர் சேர்த்தவை

சத்துப் பானத்தை ஒரு மணி நேரம் உறிஞ்சிக் குடிப்பவர்களுக்குத் தொடக்கத்தில் போட்ட ஒரு கேப்சூல் போதாது. பாதி டம்ளரில் இன்னொன்று வேண்டும், அல்லது அரை மணிக்குள் குடித்து முடிக்க வேண்டும்.

இந்த என்சைம்கள் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. நம்பிக்கை காரணமாகத் தயக்கம் இருந்தால் மருந்தைச் சொல்லாமல் நிறுத்தாமல், மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். இதே அளவு நிரூபிக்கப்பட்ட தாவர மாற்று இல்லை.

குழாய் வழியாக உணவு எடுப்பவர்கள் மணிகளைத் தாங்களாகவே குழாயில் போடக் கூடாது. மெல்லிய குழாய் அடைத்துவிடும். அதற்கான முறையை மருத்துவக் குழுதான் செய்து காட்ட வேண்டும்.