சிட் விஷியஸ்: எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?

மதுரை செல்லூரில் எங்கள் மொட்டைமாடித் திரையில் பங்க் ராக் கலைஞர்களைப் பற்றிய படங்களைப் போடும்போது, ஆவணப்படத்தையே முதலில் போடுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். 1979 பிப்ரவரி 2 அன்று, 21 வயதில், ஹெராயினால் இறந்துபோன, ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்ற பிரிட்டிஷ் பங்க் ராக் இசைக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் சிட் விஷியஸை, 1986-இல் வந்த ‘சிட் அண்ட் நான்சி’ என்ற கதைப்படம் காதலனாகவே மனத்தில் பதித்துவிடும். இறந்துபோன காதலி நான்சியோடு அவர் டாக்சியில் ஏறிச் செல்லும் இறுதிக்காட்சி, எத்தனை அழகாக இருந்தாலும், இயக்குநரின் கற்பனையே. 2000-இல் வெளிவந்த ‘தி ஃபில்த் அண்ட் தி ஃப்யூரி’ ஆவணப்படத்திலோ, முகம் இருளில் மறைந்திருக்க, இழந்த நண்பனைப் பற்றிப் பேசும், அதே குழுவின் பாடகர் ஜான் லைடனின் குரல் உடைகிறது. அந்த இடத்தில் ஒலியைக் கூட்டி வையுங்கள். ஆவணப்படமும் வெட்டித் தொகுத்ததுதான் என்பதால், யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று குறித்துக்கொண்டு, மறுநாள் கதைப்படத்தைப் பாருங்கள்.