மறுபடி ரத்தச் சோதனை செய்யலாமா?

தைராய்டுக்கு மூன்று வருடமாக 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். போன முறை ரத்தச் சோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; மருந்து அதிகமானால் இது குறையும்) மிகக் குறைவாக, 0.08 என்று வந்தது. மருந்து அதிகமாகிவிட்டது, பாதியாகக் குறைக்கலாம் என்றார் டாக்டர். எனக்கோ படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை (இறங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்).

மறுபடி சோதனை என்றால் இன்னொரு செலவு. யோசித்துக்கொண்டே மாத்திரை டப்பாவைத் திறந்தபோதுதான் உறைத்தது: முடி கொட்டுகிறதென்று இரண்டு மாதமாகப் போட்டுவந்த பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, 10 மில்லிகிராம். சில ஆய்வகங்களின் சோதனை முறையில் இது குறுக்கிட்டு, டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் காட்டும். உடம்பில் ஹார்மோன் அளவு மாறியிருக்காது. அளக்கும் முறைதான் ஏமாறும்.

டாக்டரிடம் சொன்னேன். "இதை முதலிலேயே சொல்லக் கூடாதாம்மா?" என்றார். கேட்டால்தானே சொல்வது! சரி, தைராய்டு மாத்திரையைக் குறைக்காமல் பயோட்டினை மட்டும் நிறுத்தச் சொன்னார். ஒரு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில், காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்ஹெச் 2.4, சரியான அளவு.

முடி இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.