ஸ்கூல் பிள்ளைங்க வீட்டுக்கு அரிசி, வாடகை: ஊர்ல பணம் பிரிச்சி உதவுறது எப்படி

கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற ஊருக்கு இதெல்லாம் சொல்லணுமான்னு கேப்பீங்க. பிரிக்கதுக்குச் சொல்ல வேண்டாம்தான், ஆனா கொடைக்குக் குடுத்தவிய பேரை மைக்ல வாசிப்பாவ, இதுல வாங்குத வீட்டுப் பேரு வெளிய வரவே கூடாது, கஷ்டமே அங்கதான்.

முதல்ல தேவை எப்போ வருதுன்னு பாருங்க. ஸ்கூல் நடக்கிற நாள்ல பத்தாப்பு வரைக்கும் மத்தியானம் சத்துணவு இருக்கு, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச காலை உணவு ஒண்ணாப்புலேருந்து அஞ்சாப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குன்னு வந்தது. அப்போ இடிக்கிறது மே மாச லீவுலயும் காலாண்டு அரையாண்டு லீவுலயும்தான், அடுப்பு எரியணும்னா வீட்ல காசு வேணும்லா. நம்ம திருநெல்வேலி பக்கம் முக்கூடல், மேலப்பாளையம், பேட்டைன்னு எங்க போனாலும் மடில முறத்தை வச்சி பீடி சுத்துத அக்காமாரு இருப்பாவ, கடைல இலையும் தூளும் குறைச்சிப் போட்டா அந்த வாரக் கூலி அப்படியே இறங்கிரும், ஆனா குழுக்கடன் வசூலுக்கு வாரவரு மட்டும் அதே கிழமை அதே நேரத்துக்கு வாசல்ல வந்து நிப்பாரு. உங்க பணம் அந்தக் குழுக்கடனுக்குள்ள போவாம பாத்துக்கிடுங்க, அது அடியில்லாத பானை.

யாருக்குக் குடுக்கணும்ங்கிற லிஸ்டை நாம வீடு வீடாப் போயி எடுக்கப்பிடாது. பள்ளி மேலாண்மைக் குழு தலைவிட்டயும் ஹெட்மாஸ்டர்ட்டயும் பேசுங்க, கிளாஸ் டீச்சர்கிட்ட கேளுங்க, எல்லாத்தையும் விட சத்துணவு சமைக்கிற அக்காகிட்ட கேளுங்க. முட்டையைத் திங்காம டப்பால மூடி வீட்டுக்குக் கொண்டு போற பிள்ளை யாருன்னு அவியளுக்குத்தான் தெரியும். ஆனா பணத்தை வாத்தியாருங்க கைல குடுக்காதீங்க, நாளைக்கு ஒரு பேச்சு வந்தா பாவம் அவியதான் மாட்டுவாவ.

அடுத்து, பத்து ரூவா செலவழிக்க முன்னாடி கவர்மென்ட்ல கிடைக்கிறது கிடைக்கான்னு பாத்திருங்க. ரேஷன்ல அரிசி சும்மா, பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் 25 ரூவா, இதுக்கே கார்டு இல்லாத வீடு இருக்கு, ஏன்னா வாடகை வீட்டுக்காரர் அட்ரஸ் ப்ரூஃப் குடுக்க யோசிக்காரு. பணம் பிரிக்கிற உங்க குழுல ஒருத்தர் அவரைப் போயி பாத்துப் பேசி, பிள்ளையோட அம்மாவை இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போயி பதிஞ்சி விட்டா நீங்க ஒரு வருசம் அரிசி வாங்கிக் குடுக்குததுக்குச் சமம். சொந்த இடத்துல குடிசைல இருக்கவியளுக்கு வீடு கட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல 3.5 லட்சம் இருக்கு, ஊராட்சில கேக்கணும். தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைன்னா மாசாமாசம் உதவித்தொகைக்குத் திட்டம் இருக்கு, திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துருங்க. இதுக்கெல்லாம் மேல என்ன குறையுதோ, அதுக்குத்தான் நம்ம பணம்.

பணம் வாங்குறதுல ஒண்ணு கண்டிப்பா. ஒருத்தர் ஜிபே நம்பருக்கு எல்லாரும் அனுப்புற பழக்கம் வேண்டாம், வருசத்துல 50,000 ரூவாய்க்கு மேல வெளியாளுங்ககிட்ட இருந்து சும்மா வந்தா அது அவரோட வருமானம்னு இன்கம்டேக்ஸ் கேக்கும், அதோட நல்ல மனுசனுக்குக் கெட்ட பேரு. ஏற்கெனவே பதிவான பழைய மாணவர் சங்கமோ ஊர் சங்கமோ இருந்தா அதுல தனிக் கணக்கு திறக்கச் சொல்லுங்க, ரெண்டு பேரு கையெழுத்து போட்டாத்தான் எடுக்க முடியணும். புதுசா ஆரம்பிக்கணும்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல ஏழு பேரு போதும். துபாய் சவுதில இருக்க நம்ம பயலுவ இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருந்தா சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பலாம், ஆனா வேற நாட்டு சிட்டிசன் ஆனவிய பணம் வெளிநாட்டு நன்கொடை கணக்குல வரும், அதுக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்துல அனுமதி இல்லாம தொடாதீங்க.

கேக்குறதை சின்னதாக் கேளுங்க. வாட்ஸ்அப்ல இப்படிப் போட்டா போதும்: “மக்கா, நம்ம ஸ்கூல் பிள்ளைங்க சில பேரு வீட்ல மே மாசம் ரொம்ப இழுவையா இருக்கு. மாசம் நூறு ரூவா, பத்து மாசம். பேரு விவரம் கேக்காதிய, கணக்கு மாசாமாசம் இங்கயே வரும்.” சோகப் படம், அழுகாச்சி பாட்டு வச்ச வீடியோ எதுவும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை கூட்டாஞ்சோறு சமைச்சி பார்சல் போட்டு வித்தாலும் ஒரு தொகை தேறும், ஆர்டரை முன்னாடியே வாங்கிருங்க, இல்லன்னா மிஞ்சுன சோத்தை நீங்கதான் ராத்திரியும் திங்கணும்.

குடுக்குறதுக்கு எனக்குப் பிடிச்ச வழி அண்ணாச்சி கடைதான். மூட்டை கட்டி ஸ்கூல் கேட் பக்கத்துல வரிசைல நிக்க வச்சிக் குடுக்குறதைப் பாத்தாலே எனக்கு எரிச்சல் வரும், மறுநாள் கிளாஸ்ல அந்தப் பிள்ளை எப்படி உக்காரும்? அதுக்குப் பதிலா தெருக்கடை அண்ணாச்சிட்ட இந்த வீட்டுப் பற்றுக் கணக்குல (கடன் நோட்டுல) மாசம் 1,500 ரூவா வரைக்கும் நாங்க அடைக்கிறோம்னு சொல்லி வச்சிட்டா அந்தம்மா எப்பவும் போல நோட்டைக் கொண்டு போயி வாங்கிக்கிடுவாவ, தேங்காயெண்ணெய் வேணுமா சோப்பு வேணுமான்னு அவியளே முடிவு பண்ணுவாவ. பீடி சிகரெட்டு மட்டும் இந்தக் கணக்குல ஏறக் கூடாதுன்னு சொல்லிருங்க. மாசக் கடைசில நோட்டைப் பாத்து குழு நேரா கடைக்குக் குடுக்கணும்.

வாடகை இன்னும் முக்கியம், ரெண்டு மாசம் பாக்கி விழுந்தா வீட்டைக் காலி பண்ணி ஆச்சி ஊருக்குப் போயிருவாவ, நடுவருசத்துல பிள்ளை படிப்பு அந்துரும். வீட்டுக்காரரு அக்கவுண்டுக்கே அனுப்புங்க, முழுப் பரிச்சை முடியுத வரைக்கும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி வாங்குங்க, கரண்டு பில் பாக்கி இருக்கான்னும் கேட்டுருங்க. அட்வான்ஸ் நாம குடுத்தா, காலி பண்ணும்போது அது குழுவுக்குத் திரும்பி வரணும்னு அதே பேப்பர்ல ஒரு வரி சேத்துருங்க. ஒத்தி வீட்டுக்குப் பணம் போடாதீங்க, அவ்வளவு தொகை ஒரே இடத்துல முடங்கிரும்.

கணக்கைப் போடும்போது ஒண்ணாம் நம்பர் வீடு, ரெண்டாம் நம்பர் வீடுன்னு போடுங்க. எந்த நம்பர் யாருன்னு ரெண்டு பேருக்கு மேல தெரியக் கூடாது.

வர்ற பணத்துல ஒரு பங்கை ஐப்பசி கார்த்திகை மழைக்குன்னு ஒதுக்கிருங்க. 2023 டிசம்பர்ல தாமிரபரணி ஆத்துத் தண்ணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ள வந்ததைப் பாத்தோம்லா, அப்படி ஒண்ணுன்னா மறுநாளே அடுப்பு, பாய், ஒரு மாச வாடகைன்னு கையில ரொக்கம் வேணும், அப்போ போயி குரூப்ல மெசேஜ் போட்டுக்கிட்டு நிக்க முடியாது. பழைய துணி மட்டும் யாரு தந்தாலும் வாங்காதிய, அதைப் பிரிச்சி அடுக்கவே தனியா நாலு ஆளு வேணும்.