ஹெபடைடிஸ் பி: 'எஸ்ஜிபிடி நார்மல்' என்று விட்டுவிடாதீர்கள்

ஹெபடைடிஸ் பி கிருமி கல்லீரலை அரித்துத் தின்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கல்லீரல் செல்லுக்குள் புகுந்து சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். செல் உயிரோடுதான் இருக்கும். நம் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்களான டி செல்கள் அந்தச் செல்லை அடையாளம் கண்டு தாக்கும்போதுதான் அது சாகிறது. உள்ளே இருந்த எஸ்ஜிபிடி என்ற நொதி ரத்தத்தில் கலக்கிறது. கண் மஞ்சளாவதும் இந்தச் சண்டையால்தான்.

இது தெரியாததால் வருவதுதான் பெரிய தவறு. ரிப்போர்ட்டில் எச்பிஎஸ்ஏஜி (கிருமியின் மேலுறைப் புரதம்) பாசிட்டிவ், அதாவது உடம்பில் கிருமி இருக்கிறது. அடுத்த வரியில் எஸ்ஜிபிடி 28. "நார்மல்தானே, அப்புறம் எதுக்கு டாக்டர்?" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். சண்டையே நடக்காவிட்டாலும் அந்த எண் குறைவாகத்தான் இருக்கும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்று வாங்கும் குழந்தைக்கு நடப்பது அதுதான். அதன் உடம்பு கிருமியைத் தீவிரமாக எதிர்ப்பதில்லை. அப்படித் தொற்றிய குழந்தைகளில் 100க்கு 90 பேரிடம் கிருமி நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களில் 5க்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடச் சொல்வது இதற்காகத்தான். "பிள்ளை கொஞ்சம் தேறட்டும்" என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பெரியவர்களுக்குக் காமாலை வந்தால் பெரும்பாலும் உடம்பே கிருமியை அடக்கிவிடும். பேர் என்னவோ கீழாநெல்லிக்குப் போகும். கண் தெளிந்ததோடு நிறுத்தாதீர்கள். 6 மாதம் கழித்தும் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் அது நாள்பட்ட தொற்று. வெளியே ஒன்றும் தெரியாமலே கல்லீரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம்.

பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு தடுப்பூசி போட்டுக்கொள்பவர்களும் உண்டு. ஊசியில் இருப்பது கிருமியின் மேலுறைப் புரதம் மட்டும். இருக்கிற தொற்றை அது விரட்டாது. அந்த ஊசி வேண்டியது வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு, அவர்களுக்கும் டெஸ்ட் எடுத்துவிட்டு.

குணமானவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. கிருமியின் டிஎன்ஏ கல்லீரல் செல்லின் உட்கருவில் சின்ன வளையமாகப் பதுங்கியிருக்கும். நோய் எதிர்ப்பு சக்திதான் அதைக் காவல் காக்கிறது. புற்றுநோய்க்கான கீமோதெரபியோ, நோய் எதிர்ப்பு செல்களைக் குறைக்கும் ரிடக்ஸிமாப் போன்ற மருந்தோ அந்தக் காவலைத் தளர்த்தினால் கிருமி திரும்ப எழும். ஆகவே பழைய காமாலையை டாக்டரிடம் சொல்லுங்கள். எச்பிஎஸ்ஏஜியோடு பழைய தொற்றைக் காட்டும் ஆன்டி-எச்பிசி டெஸ்ட்டும் அந்த மருந்தின் முதல் டோஸுக்கு முன்பே எடுத்தாக வேண்டும்.