காய்ந்த சுள்ளியில் எவ்வளவு ஈரம்? காட்டுத்தீ ஆய்வுக்கு மாதிரி எடுக்கும் முறை

'படக்' என்று ஒடியும் சுள்ளிக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. அது குறையக் குறைய, தீ சுலபமாகப் பற்றும், வேகமாகப் பரவும். அந்த ஈரத்தை அளப்பது எளிதுதான். பொறுக்கிய நொடியிலிருந்து எடை போடும் வரை அதை மாறாமல் காப்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில், மூடி இறுக்கமான உலோக டப்பாக்களில் எண் எழுதி, மூடியோடு சேர்த்து வெறும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசு போதும்.

காட்டுக்குப் பிற்பகலில் போங்கள். சுள்ளியின் மேல் பனியோ மழைநீரோ ஒட்டியிருந்தால் அன்று எடுக்காதீர்கள்.

அடுத்தது பருமன். 6 மி.மீ.க்குக் குறைந்த குச்சிகள் '1 மணி' வகை, 2.5 செ.மீ. வரை '10 மணி', சுமார் 7.5 செ.மீ. வரை '100 மணி'. அதற்கும் தடித்தவை '1000 மணி'. சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரம் மாற எவ்வளவு நேரமாகும் என்பதையே இந்தப் பெயர்கள் சொல்கின்றன. மெல்லிய குச்சி ஒரே பகலில் காய்ந்துவிடும். பெரிய கட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஒரு டப்பாவில் ஒரு வகை மட்டும்.

உளுத்தது, பாசி படர்ந்தது, மண்ணில் புதைந்தது எதுவும் வேண்டாம். வெயிலிலும் நிழலிலுமாகப் பல இடங்களில் பொறுக்குங்கள். தடித்த கட்டையில் நுனி சீக்கிரம் காய்ந்திருக்கும். நடுப்பகுதியில் வில்லையாக அறுத்தெடுங்கள்.

போட்டதும் மூடுங்கள், உடனே! மூடியைச் சுற்றி டேப் ஒட்டி நிழலில் வையுங்கள். இடம், நேரம், வகையை எழுதுங்கள். டேப்பை உரித்துவிட்டு அன்றே எடை போடுங்கள்.

அப்புறம் மூடியைத் திறந்து, 105 டிகிரி செல்சியஸ் ஓவனில் 24 மணி நேரம் வையுங்கள். தடித்த துண்டுகளுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். எடை மேலும் குறையாமல் நிலைக்கும் வரை விடுங்கள். வெளியே எடுத்ததும் மூடி, ஆறவைத்து எடை போடுங்கள். திறந்தே ஆறவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை மரம் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

சரி, கணக்கு. டப்பா 50 கிராம், ஈரத்தோடு 112, காய்ந்தபின் 106. போன தண்ணீர் 6, காய்ந்த மரம் 56. 6-ஐ 56-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 10.7 சதவீதம். வகுக்க வேண்டியது காய்ந்த எடையால்தான். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

மழையில்லாத நாட்களில் விடை 30 சதவீதத்தைத் தாண்டினால், உளுத்த துண்டோ பச்சைக் குச்சியோ கலந்திருக்கக்கூடும். அந்த டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.